அடுத்து நின்று பாடுவது யார்?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலை. பிற்பகல் அறுபத்துமூவர் புறப்பாட்டுக்கு ஊரே திரண்டு வர இன்னும் சில மணி நேரம் இருக்கும். மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தல் போட்டுக்கொண்டிருப்பார்கள்; எங்கோ ஒரு அண்டாவில் பானகத்துக்கு வெல்லம் கரையும். மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் கரையில் மட்டும் அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிடும். திருஞானசம்பந்தர் அங்கே எழுந்தருள, ஓதுவார் கையில் தாளத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர்ப் பதிகத்தைத் தொடங்குவார். பாம்பு தீண்டி இறந்த சிவநேசரின் மகள் பூம்பாவையை, குடத்தில் காத்து வைத்திருந்த எலும்பிலிருந்து சம்பந்தர் பாடி எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். அதை ஆண்டுதோறும் இந்தக் கரையில் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளுக்குக் குடத்தின் மேல்தான் கண்.

அந்தப் பதிகத்தை வீட்டில் நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். போன உயிரைத் திருப்பிக் கொடு என்று இறைவனிடம் மன்றாடும் பாட்டு அல்ல அது. சம்பந்தர் இறந்துபோன சிறுமியிடமே பேசுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் விழாக்களை மாதவாரியாக அடுக்கி, இதையெல்லாம் பார்க்காமலா போகப் போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். ஒரு குழந்தையை ஊரோடு பிணைக்க அவர் கையில் எடுத்தது ஊர் நடத்தும் விழாக்களைத்தான். அவர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் அது போய், இப்போதுள்ள கோயில் பிறகு எழுந்தது. கோயில் இடம் மாறியும் அந்த விழாக்களில் பல நிற்கவில்லை. தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம் ஓடுகிறது. மாசி மகத்தன்று கபாலீசுவரர் தீர்த்தவாரிக்காக மெரினா கடற்கரைக்குப் போகிறார். 1,300 ஆண்டுக்கு முன் எழுதிய அழைப்பிதழ் இன்னும் செல்லுபடியாகிறது.

அந்த அழைப்பிதழை வாசித்துக் காட்டும் குரல் எப்படிக் கைமாறி வந்தது, இனி யாரிடம் போகும் என்பதைப் பற்றியே இங்கே எழுத முனைகிறேன். கற்றுக்கொடுப்பது ஒன்று, ஒப்படைப்பது வேறொன்று. சென்னையில் இன்று முதலாவது ஓரளவு நடக்கிறது. இரண்டாவது நின்று கொண்டே வருகிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதற்குச் சான்று தேடிக் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது, தஞ்சாவூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும், அமெரிக்காவின் டகோட்டா சமவெளிக்கும்கூட.

முதலில் ஓதுவார் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடலாம். பூசை முடிந்து தீபாராதனை ஆனதும், சன்னிதிக்கு எதிரே ஒரு பக்கமாக நின்று அவர் ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்குவார். பிறகு பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் பாட்டுகள் வரிசையாக வரும். மறுபடி ‘திருச்சிற்றம்பலம்’ என்று முடிப்பார். நேரம் இருந்தால் ஐந்துக்கு மேலும் பாடுவார். இல்லாவிட்டால் ஐந்தோடு சரி. பாடுகிறார் என்று அந்த மரபில் சொல்வதில்லை. விண்ணப்பிக்கிறார் என்பார்கள். கேட்பவர் யார் என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. சபாவில் பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் பார்த்துப் பாடுவார். ஓதுவாரோ கருவறையை நோக்கி நிற்கிறார். நாமெல்லாம் அந்த விண்ணப்பத்தைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள்.

அவர் மனத்தில் இருக்கும் சரக்கு கொஞ்சமல்ல. தேவாரம் மட்டுமே ஏறத்தாழ 800 பதிகங்கள், 8,000 பாட்டுக்கு மேல். முதல் ஏழு திருமுறைகள்தான் அவை. மேலும் ஐந்து உண்டு. பதிகங்களில் பலவற்றுக்குப் பண் உண்டு. நட்டபாடையை இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள், தக்கேசியைக் காம்போதியில், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில், கௌசிகத்தைப் பைரவியில். தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளம் விட்டு விரித்துப் பாடினால் சுத்தாங்கம். திருத்தாண்டகம் என்றால் அரிகாம்போதி, திருவாசகம் என்றால் மோகனம் என்று காது பழகியிருக்கும். இன்றைய ராகங்கள் அப்படியே சம்பந்தர் காலத்துப் பண்கள்தானா என்ற கேள்விக்கு இசை ஆய்வாளர்களிடையே ஒருமித்த விடை கிடையாது. ஆனால் எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண் என்ற வகைப்பாட்டை ஓதுவார்கள் விடாமல் காத்திருக்கிறார்கள். மனப்பாடத்துக்குப் பாட்டின் அமைப்பே கைகொடுக்கும். சம்பந்தர் பதிகம் என்றால் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள், பத்தில் சமணரும் பௌத்தரும், கடைசியில் பாடியவர் பெயரும் பாடினால் வரும் பயனும். மறதி வந்து நடுவில் நின்றாலும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். வாயிலிருந்து காதுக்குப் போவதற்கென்றே செய்த கட்டுமானம் அது.

இந்தக் கட்டுமானத்தைக் காக்க அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி நம்மிடம் உள்ள மிக நுட்பமான ஆவணம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு. கோயில்களில் திருப்பதியம் பாடுவது ராஜராஜனுக்கு முன்பே உண்டு. பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோருக்கான குறிப்பு வருகிறது. ஆனால் ராஜராஜன் செய்ததன் அளவு பெரியது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேர், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒருவருக்கு 91 கலத்துக்குச் சற்று மேல். அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேருக்கு ஆளுக்கு நூறு கலம். ஆகப் பாடுகிறவரின் வாழ்வும் ஆடுகிறவரின் வாழ்வும் ஏறக்குறைய ஒரே தட்டில் இருந்திருக்கின்றன.

நெல்லை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதை அடுத்து வரும் வாசகம். பாடுகிறவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது? அவருக்கு நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே பார்த்துப் பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால், மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலும் கல்லில் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயரோடும் அவருடைய தீட்சைப் பெயரும்.

இந்தச் சில வரிகளில் ஒரு முழுக் கல்விக் கொள்கையே அடங்கியிருக்கிறது என்பேன். வாரிசு உரிமைக்கு இடம் இருக்கிறது. தகுதி அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. தகுதியைச் சொல்லும் அதிகாரம் கடைசியில் பாடுகிறவர்களிடமே போய்ச் சேருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவர் யார் என்ற கேள்வியை முதல் நாளே எழுப்பிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்த இடத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும், நின்றால் நெல் உண்டு, நிற்பவர் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டால் கற்றல் தானே நடக்கும்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒருமுறை எல்லாம் போகப் பார்த்தது என்ற நினைவு அந்தக் காலத்துக்கு இருந்திருக்க வேண்டும். சிதம்பரத்தில் பூட்டிய அறையில் கரையான் புற்றுக்குள் கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியும் சோழனும் மீட்டார்கள், அரித்தது போக மிஞ்சியதே இன்று நம்மிடம் உள்ளது என்ற கதையைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அதன் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏடு கிடைத்தது, பண் தெரியவில்லை. எழுத்தை வைத்துக்கொண்டு பாட முடியாமல் நின்றார்கள். திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக் கொண்டு பண்களை வகுத்தார்கள். வைணவத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. பத்துப் பாட்டைக் காதில் கேட்ட நாதமுனிகள் மீதியைத் தேடிக் குருகூர் போய் நாலாயிரத்தையும் பெற்றார். பெற்றதும் தம் மருமக்கள் இருவருக்கு இசையோடு பயிற்றினார். நடந்தது எவ்வளவு, புனைந்தது எவ்வளவு என்பது வேறு ஆராய்ச்சி. ஏட்டைக் காப்பாற்றிய பிறகும் குரல் தொலைந்துபோகலாம், தொலைந்த குரல் யாரும் எதிர்பாராத ஒரு வீட்டில், பாணர் குலப் பெண் ஒருவரின் தொண்டையில் இருக்கலாம் என்று இந்த மரபே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. 2021 ஆகஸ்டு 14 அன்று தமிழக அரசு பல சாதியினரையும் அர்ச்சகர்களாக நியமித்தபோது, சென்னைக்குத் தெற்கே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஓர் இளம்பெண்ணை ஓதுவாராக நியமித்தது. வழக்கத்துக்கு மாறு என்று அன்று முகம் சுளித்தவர்கள் எருக்கத்தம்புலியூர்க் கதையை மறந்தவர்கள்.

இங்கே கொஞ்சம் கடல் கடந்து போகிறேன். கைமாறுதல் அறுந்தால் என்ன ஆகும் என்பதை லகோட்டா மக்களைப் போல் அனுபவித்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் வட சமவெளியில், இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தில் பைன் ரிட்ஜ், ரோஸ்பட் முதலிய ஒதுக்கிடங்களில் வாழும் பழங்குடியினர். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கியபோது, முதலில் கொண்டுபோன பிள்ளைகள் இந்த இரண்டு இடங்களைச் சேர்ந்தவர்கள். முடியை வெட்டினார்கள், மொழியைத் தடுத்தார்கள். அந்த முதல் அணியில் போன லூதர் ஸ்டாண்டிங் பேர் பின்னாளில் எழுதிய நூலில் ஒரு காட்சி வருகிறது. கரும்பலகையில் ஏதேதோ எழுத்து. ஒரு குச்சியைக் கையில் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தொடுகிறார். அவர் தொட்டது அன்றிலிருந்து அவருடைய பெயர் ஆகிவிட்டது. 1883இல் அமெரிக்க அரசு வகுத்த விதிகள் சூரிய நடனம் என்னும் அவர்களின் பெரும் சடங்கைக் குற்றமாக்கின. வைத்தியச் சடங்கு செய்யும் பெரியவர்களும் தண்டனைக்கு உள்ளானார்கள். தங்கள் சமயத்தைக் கடைப்பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1978இல். நடுவே மூன்று நான்கு தலைமுறை.

நம் கதையையும் அவர்கள் கதையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அங்கே துப்பாக்கி முனையில் அறுத்தார்கள். மயிலாப்பூரில் யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. அப்படியும் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது இருக்கிறது. தடை இருந்த காலத்தில் மறைவாக நடத்திய சடங்குகள்தான் பாட்டுகளைக் காப்பாற்றின. ஒவ்வொரு பாட்டும் ஒரு சடங்கின் ஒரு கட்டத்துக்கு உரியது. சடங்கு இருந்தால் பாட்டுக்கு ஒருவர் தேவைப்படுவார். இனிபி என்னும் வேர்வைக் குடிலுக்குள் பெரியவரோடு உட்காரும் பையனுக்கு யாரும் இசை வகுப்பு எடுப்பதில்லை. 1971இல் ரோஸ்பட்டில் அவர்களே சின்டே கிளெஸ்கா கல்லூரியைத் தொடங்கி மொழியையும் பண்பாட்டையும் பாடமாக்கினார்கள் என்பதும் உண்மை. பள்ளி தேவையில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. பள்ளியின் வேலை எது, குடிலின் வேலை எது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஒலிப்பதிவு பற்றியது. லகோட்டா முதியவர்களின் பேச்சைப் பல ஆண்டுகள் பதிவு செய்த ஒரு மொழி அமைப்பு, அதைக்கொண்டு பாடநூல்கள் செய்து உரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு விற்றது. எங்கள் பாட்டிகளின் குரலை நாங்களே விலைக்கு வாங்குவதா என்று கேள்வி எழுந்தது. 2022இல் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம் அந்த அமைப்பைத் தன் நிலத்திலிருந்து வெளியேற்றத் தீர்மானம் போட்டது. பதிவு இருக்கிறது, ஆகவே மரபு பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

திருமுறையைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தி.வே. கோபாலய்யர் பதிப்பில் தேவாரத்தை 1984, 1985இல் வெளியிட்டது. பின்னர் மின்பதிப்பும் வந்தது. தருமபுரம் ஆதீனத்தின் இணையதளத்தில் பாட்டும் உரையும் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. தருமபுரம் சுவாமிநாதன் ஓதுவாரின் குரலையும் அங்கே கேட்கலாம். பணம் கேட்பாரில்லை. அடையாறில் பேருந்துக்கு நிற்கும் ஒரு மாணவி கைபேசியில் திருவான்மியூர்ப் பதிகத்தைத் தேடிக் கேட்டுவிட்டு, அடுத்த பேருந்திலேறி அந்தக் கோயிலுக்கே போய்விடலாம். எந்தத் தலைமுறைக்கும் இந்த வாய்ப்பு இருந்ததில்லை. இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அந்த மாணவி கோயிலுக்குள் போன பிறகு என்ன? அங்கே அவள் பாட வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. இதுதான் என் கவலை.

சென்னை தமிழிசைக்குக் குறைவாகச் செய்த ஊர் அல்ல. தமிழ் இசைச் சங்கம் 1943இல் பிறந்தது. 1949 முதல் அது பண் ஆராய்ச்சி மாநாடு நடத்தி, ஓதுவார்களையும் இசைப் புலவர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது. ஒரு பண்ணை ஓதுவார் பாடிக் காட்ட, அதன் சுரங்களைப் புலவர்கள் விவாதித்த அந்த அமர்வுகள் நம் இசை வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். அதே 1949இல் அரசு இசைக் கல்லூரி தொடங்கியது. அடையாற்றின் கரையில், கிரீன்வேஸ் சாலைப் பக்கம் இன்றும் அது இயங்குகிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், பரதம், வயலின், மிருதங்கத்தோடு தேவாரமும் ஒரு தனிப் பாடம். மூன்று ஆண்டு படித்தால் சான்றிதழ். ஆதீனங்களின் தேவாரப் பாடசாலைகளும் பழனிக் கோயிலின் பயிற்சிப் பள்ளியும் இருக்கின்றன. கற்றுக்கொடுக்க ஏற்பாடு உண்டு.

ஒப்படைக்கும் ஏற்பாடு எப்போது நலிந்தது? 1971இல் நடப்புக்கு வந்த அறநிலையச் சட்டத் திருத்தம் கோயில் பணிகளில் பரம்பரை உரிமையை நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் அதை ஏற்றது. அது சரியான திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பர் பாடியதைப் பாட இன்ன சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பதை அப்பரே ஒப்பமாட்டார். ஆனால் அந்தப் பழைய முறை, அதன் அநீதியோடு சேர்த்து, இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. ஓதுவாரின் பிள்ளை ஆறு வயதில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சாயங்கால பூசைக்குப் போனான். அப்பாவுக்குச் சளி பிடித்த நாளில் அவன் ஒரு பாட்டைப் பாடினான். பதினாறு வயதில் அர்த்தசாமம் அவன் பொறுப்பில் வந்தது. யாரும் தேர்வு வைக்கவில்லை. இடம் அவனைத் தயார் செய்தது. சட்டம் வாரிசை நீக்கியபோது, வேட்டியைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தப் பத்து ஆண்டுகளையும் சேர்த்து நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக வேறொன்றை வைக்க மறந்துவிட்டோம். இப்போது ஓய்வு பெறும் வரை ஒருவர் பாடுகிறார். ஓய்வு பெற்றதும் பணியிடம் காலியாகிறது. அறிவிப்பு வரும் வரை அந்த இடத்தில் ஒலிபெருக்கி பாடுகிறது. புதிதாக வருகிறவர் பழையவரோடு ஒரு நாள்கூட நின்று பாடியிருக்க மாட்டார். ராஜராஜன் கல்வெட்டு முதலில் கேட்ட கேள்வியை நம் விதிகள் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

இடத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை சான்று. ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், 1864இல் சிதம்பரத்திலும் ஒன்று. சென்னைத் தங்கசாலையில் அவர் நடத்திய அச்சகம் சைவ நூல்களைப் பிழையறப் பதித்துக் கொடுத்தது. அவர் வழியில் வந்த ஈழத்துச் சைவர்களிடம் பஞ்சபுராணம் ஓதுவாரின் தனிச் சொத்தாக நிற்கவில்லை. பள்ளிக்கூட நவராத்திரி விழாவில் பஞ்சபுராணம் பாடுவது ஐந்து மாணவர்கள். கோயிலில் அடியார்களே பாடுவார்கள், பிள்ளைகளையும் முன்னால் நிறுத்துவார்கள். சைவ சமயம் அங்கே அரசுப் பள்ளிப் பாடம். ஞாயிறுதோறும் அறநெறிப் பாடசாலை. போரும் இடப்பெயர்வும் அவர்களைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் சிதறடித்த பின்னும் இந்தப் பழக்கம் கூடவே போனது. தமிழை ஆங்கில உச்சரிப்போடு பேசும் ஒரு டொரண்டோப் பிள்ளைக்குத் திருப்பல்லாண்டில் ஒரு பாட்டு முழுதாகத் தெரிகிறதென்றால், வகுப்பில் மட்டும் அது வந்திருக்காது. நாளைக்குத் திருப்பல்லாண்டு உன் முறை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பண் நுணுக்கத்தில் தமிழ்நாட்டு ஓதுவாருக்கு அந்தப் பிள்ளை ஈடாகாது. ஆனால் நாளைய ஓதுவார் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வர முடியும். கேட்டுப் பழகாத ஊரில் ஓதுவார் முளைப்பதில்லை.

நம் சென்னையிலேயே இதற்கு வேர் இல்லாமலில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே திவ்வியப் பிரபந்த கோஷ்டி போகும். பெரியவர்கள் முன் வரிசையில். பின்னால் ஒட்டிக்கொண்டு, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வாயசைத்துக்கொண்டு பையன்கள். தெரியாத அடி வரும்போது குரல் தணியும், தெரிந்தது வந்ததும் ஓங்கும். நான்கு வீதி சுற்றி வருவதற்குள் போன தடவையை விட இரண்டு பாட்டு கூடுதலாக வந்திருக்கும். மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் 1920களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மார்கழி விடியற்காலையில் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போனார். அவருக்குப் பின் அவர் மகள் ருக்மிணி ரமணி அதைத் தொடர்ந்தார். இன்றும் மார்கழியில் அந்த வீதிகளில் குல்லாய் போட்ட பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு பாடிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அங்கே நடப்பவர் பாடகர், நிற்பவர் கேட்பவர் என்று கோடு கிடையாது. கூட நடந்தால் நீயும் பாடியாக வேண்டும்.

ஆகவே கோயில்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. ஓதுவார் பணியில் இருக்கும் ஒவ்வொரு கோயிலிலும் அவர் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் வேண்டும். பார்வையாளராக அல்ல, முறை வைத்து. சாயங்கால பஞ்சபுராணத்தில் ஒரு பாட்டு அந்தப் பிள்ளையுடையது. எந்தச் சாதிப் பிள்ளையாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பெரியவர் ஓய்வு பெறும்போது யார் தகுதியானவர் என்று கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் அவரே. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு படி, நம் காலத்து முக்குறுணி நெல், கிடைக்க வேண்டும். தியாகராய நகரில் மாலை நேர வகுப்புகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கட்டணம் என்று தெரிந்த எந்தப் பெற்றோருக்கும், பிள்ளையின் மாலைப் பொழுது இலவசமில்லை என்பது தெரியும்.

மந்தைவெளியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இப்படி ஒரு பாடம் நடப்பதைச் சில மாதங்கள் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. எதிரே பதினொரு வயதுப் பெண், பள்ளிச் சீருடையோடு. கௌசிகப் பண்ணில் சம்பந்தரின் திருவான்மியூர்ப் பதிகம். அவர் அரை அடி பாடுவார், அவள் திருப்பிச் சொல்வாள். மறுபடி அதே அரை அடி. மூன்றாம் அடியில் ஒரு சொல்லின் நடுவே அவளுக்கு மூச்சு வாங்கிவிடும்; சொல் இரண்டாக உடைந்து பொருள் தடுமாறும். தப்பு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த அடியை மட்டும் மறுபடி பாடுவார், முந்தைய சொல்லின் முடிவில் தம் மூச்சை வெளிப்படையாக இழுத்து. எந்தப் புத்தகமும் மூச்சு விட வேண்டிய இடத்தைக் குறிப்பதில்லை. ஒலிப்பதிவில் மூச்சு கேட்கும், ஆனால் அது உனக்காக இழுத்த மூச்சு அல்ல. திருக்கோலக்காவில் கையால் தாளமிட்டுப் பாடிய குழந்தை சம்பந்தரின் உள்ளங்கை சிவந்ததைப் பார்த்து இறைவன் பொற்றாளம் கொடுத்த கதையை ஒருநாள் சொன்னார். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு பிரதோஷத்தன்று, பக்கத்துச் சிறு கோயில் ஒன்றில், நந்திக்கு அபிஷேகம் முடிந்து சுவாமி மூன்றாம் சுற்று வந்து நின்றது. முப்பது நாற்பது பேர் இருந்தோம். பெரியவர் தேவாரத்தைத் தொடங்கவில்லை. கையிலிருந்த தாளத்தை அவளிடம் நீட்டிவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘திருச்சிற்றம்பலம்’ என்றாள், கொஞ்சம் உச்சத்தில். கூட்டம் வாங்கித் திருப்பிச் சொன்னது. மூன்றாம் அடியில் மறுபடி மூச்சு தப்பியது. அந்த அடியை அவள் இரண்டாம் முறை எடுத்தபோது பின்னாலிருந்து அவர் குரலும் சேர்ந்துகொண்டது, அந்த ஓர் அடிக்கு மட்டும்.